சொந்த விருப்பத்தின் பேரில்

பத்தரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பத்துக்கே வந்து உட்கார்ந்தாயிற்று, மணி பதினொன்றேகால் ஆகிறது, நிர்வாக அலுவலர் அறைக் கதவு இன்னும் சாத்தியே கிடக்கிறது. ‘சேர்மன்கூட மீட்டிங்ல இருக்காருங்க மேடம், இதா வந்துருவாரு’ என்று வாசல் மேசைப் பெண் சொல்லி முக்கால் மணி நேரம். இதா வந்துருவாராம். அந்த ‘இதா’வுக்கு எவ்வளவு நீளம் என்று கேட்டால் அந்தப் பெண் என்ன செய்வாள், பாவம், அவளுக்கே சம்பளம் வந்து எத்தனை மாசமோ. வேதநாயகி மடியிலிருந்த தாளை மறுபடியும் எடுத்துப் பார்த்தாள். நோ டியூஸ் படிவம். கல்லூரிக்கு இவர் எந்தப் பாக்கியும் வைக்கவில்லை என்று பதினோரு இடத்தில் கையெழுத்து வாங்க வேண்டும், பத்து வாங்கியாகிவிட்டது. நூலகம், ஆய்வகம், விடுதி, பஸ் பிரிவு, கேண்டீன், விளையாட்டுத் துறை. விளையாட்டுத் துறைக்கு அவள் என்ன பாக்கி வைத்திருக்க முடியும்? பதினைந்து வருஷத்தில் அந்த மைதானத்தில் அவள் கால் வைத்தது சுதந்திர தினத்துக்கும் குடியரசு தினத்துக்கும்தான், அதுவும் மிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பி வருவதற்கு. அப்படியும் பி.டி. சார் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டி, ‘மேடம் பேர்ல பந்து எதும் இல்லீங்க’ என்று உறுதி செய்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டார். பந்து! நாற்பத்து மூன்று வயதில், முட்டி வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படியேறுகிறவள், சிவில் இன்ஜினியரிங் உதவிப் பேராசிரியர், பந்தைத் திருடிக்கொண்டு போய் என்ன செய்வாள். சரி, அவள் அவர்களுக்குப் பாக்கி இல்லை என்பதற்குப் பதினோரு கையெழுத்து. அவர்கள் அவளுக்குப் பாக்கி இல்லை என்பதற்கு ஒரு படிவம் உண்டா, அதை எடுத்துக்கொண்டு சேர்மன் கொளுத்தும் சித்திரை வெயிலில் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்குவாரா?

மூன்று பேர் உட்காரும் இரும்பு நாற்காலி, நடு இருக்கை உடைந்து கிடந்தது. எதிர்ச் சுவரில் சேர்மனின் அப்பா படம், அதைச் சுற்றி சீரியல் பல்பு பச்சையும் சிவப்புமாக மாறி மாறி எரிந்தது, பகலில் யாருக்காக எரிகிறதோ. பக்கத்தில் நூறு சதவீத வேலைவாய்ப்பு என்று ஒரு பெரிய பேனர், அதில் கோட்டு போட்டுச் சிரிக்கிற நான்கு பிள்ளைகளில் ஒருத்தியைக்கூட அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. பதினைந்து வருஷமாக இங்கே பாடம் நடத்துகிறவளுக்கே தெரியாத பிள்ளைகள் எந்தக் கல்லூரியில் படித்தவர்கள்? தாகமாக இருந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கலாம், ஆனால் எழுந்து போன அந்த ஒரு நிமிஷத்தில் அவர் வந்து, ‘மேடத்தைக் காணோமே, சரி நாளைக்கு வரச் சொல்லுங்க’ என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டால்? நாளைக்கு முடியாது. நாளைக் காலை பத்து மணிக்கு ஈரோட்டில் அந்தப் பாலிடெக்னிக்கில் ஒரிஜினல் சான்றிதழ்களோடு நிற்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று மின்னஞ்சலில் தெளிவாகப் போட்டிருந்தார்கள். அடுத்த ஆள் யாரென்றும் அவளுக்குத் தெரியும், நாமக்கல் பக்கத்துப் பையன், எம்.இ. முடித்துவிட்டு டூவீலர் ஷோரூமில் வேலை பார்க்கிறான். அவனும் இந்நேரம் எங்காவது ஒரு வராந்தாவில் உட்கார்ந்திருப்பானோ என்னவோ. தண்ணீர் வேண்டாம்.

சான்றிதழ்கள். பத்தாவது, பன்னிரண்டாவது, பி.இ., எம்.இ., எல்லாவற்றின் மார்க் ஷீட்டும், சாதிச் சான்றிதழும், ஒரு நீல நிற ஜிப் ஃபைலில். வேலைக்குச் சேர்ந்த அன்று இதே வராந்தாவில் நின்று கொடுத்தாள். ஒரு வாரத்தில் சரிபார்த்துத் தந்துவிடுவோம் என்றார்கள். ஒரு வாரம். ரசீது கேட்டாளா? கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? அன்றைக்கு இருபத்தெட்டு வயது, வேலை கிடைத்த சந்தோஷம், கையில் இரண்டு வயதுக் குழந்தை, ரசீது கேட்டால் நம்பிக்கையில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்ற வெட்கம். இப்போது நினைத்தால் அந்த வெட்கத்தைக் கன்னத்தில் அறையலாம் போலிருக்கிறது. மளிகைக் கடையில் அரைக் கிலோ துவரம்பருப்பு வாங்கினால்கூட பில் கேட்கிறவள், பதினெட்டு வருஷப் படிப்பை ஒரு ஃபைலில் போட்டு எவனோ ஒருவன் கையில் கொடுத்துவிட்டு, ‘தேங்க் யூ சார்’ என்று வேறு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அப்புறம் ஒரு தடவை கேட்டாள், பாஸ்போர்ட்டுக்கு. ஜெராக்ஸ் கொடுத்தார்கள். இன்னொரு தடவை அரசுப் பாலிடெக்னிக் தேர்வுக்கு. ‘என்ன மேடம், நம்மள விட்டுப் போற ஐடியாவா?’ என்று சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், ஜெராக்ஸோடு வந்துவிட்டாள். எல்லாருக்கும் அப்படித்தான், எல்லார் படிப்பும் உள்ளே ஒரு பச்சை பீரோவில் படுத்திருக்கிறது என்பதே ஒரு சமாதானமாக இருந்தது, ஊரோடு சேர்ந்து ஏமாந்தால் ஏமாந்தது போலத் தெரியாது இல்லையா. போன ஐப்பசி மழையில் அலுவலகச் சுவரில் ஓதம் ஏறிப் பழைய கட்டுகளெல்லாம் நனைந்துவிட்டன என்று பேச்சு வந்ததே, அது இந்த அறையா, பக்கத்து அறையா? கரையான் என்றுகூட யாரோ சொன்னார்களே. எம்.இ. பட்டத்தின் நடுவில் கரையான் ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தால்? நகல் வாங்க வேண்டுமென்றால் போலீஸில் புகார் கொடுத்து, பேப்பரில் விளம்பரம் போட்டு, பல்கலைக்கழகத்துக்கு அலைந்து, ஆறு மாசம். நாளைக் காலை பத்து மணிக்குள் ஆறு மாசம்.

புத்தகம் நினைவுக்கு வந்தது, கூடவே எரிச்சலும். மண் இயக்கவியல் புத்தகம் ஒன்றை அவள் திருப்பித் தரவில்லையாம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எடுத்ததாம். நூலகத்தில் இருக்கும் ஜெசிந்தா கண்ணைப் பார்த்துப் பேசவே கூச்சப்பட்டாள். ‘கம்ப்யூட்டர்ல காட்டுது மேடம், நான் என்ன செய்யட்டும்.’ அவள் திருப்பிக் கொடுத்தாள், நன்றாக நினைவிருக்கிறது, அன்று மழை, குடைக்குள்ளே புத்தகத்தை அணைத்துக்கொண்டு ஓடி வந்து இதே ஜெசிந்தாவின் மேசையில் வைத்தாள், அட்டையில் விழுந்த இரண்டு துளியை ஜெசிந்தா கைக்குட்டையால் ஒற்றினாள். அதைச் சொன்னபோது ஜெசிந்தா, ‘ஆமா மேடம், எனக்கும் அப்படித்தான் இருக்கு’ என்றாள், அப்படிச் சொல்லிவிட்டு, விலையில் மூன்று மடங்குக்கு ரசீதும் போட்டாள். கட்டிவிட்டாள். மழை பெய்தது, குடைக்குள் வைத்துக்கொண்டு போனேன், இரண்டு பேருக்கும் நினைவிருக்கிறது, ஆனாலும் கட்டிவிட்டேன். இதைக் கட்டினவள்தானே, விலகல் கடிதத்தையும் எழுதிக் கொடுத்துவிடுவாள் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். நினைத்ததில் என்ன தப்பு, அவளே அப்படித்தானே வந்திருக்கிறாள், பதினைந்து வருஷமாகக் கேட்ட இடத்திலெல்லாம் எழுதிக் கொடுத்துக்கொண்டு.

அந்தக் கடிதத்தை அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டாள். துறைத்தலைவர் முருகானந்தம் சார் போன வாரம் வாட்ஸப்பில் மாதிரி என்று அனுப்பியிருந்தார், கீழே கும்பிடு போடும் இரண்டு கை படத்தோடு. ‘என் சொந்தக் காரணங்களால், என் சொந்த விருப்பத்தின் பேரில் பதவி விலகுகிறேன். எனக்கு வரவேண்டிய அனைத்தையும் பெற்றுக்கொண்டேன். நிர்வாகத்தின் மீது இனி எந்தக் கோரிக்கையும் இல்லை.’ ஒரே வாக்கியத்தில் இரண்டு சொந்தம். பஸ்ஸில் வரும்போதெல்லாம் இந்தச் சொந்தம்தான் பல்லில் சிக்கிய நார் மாதிரி உறுத்திக்கொண்டே வந்தது. விருப்பம் என்றால் என்ன? அவளுக்கு ஏலக்காய் போட்ட டீ விருப்பம். பாடம் நடத்தும்போது கடைசி பெஞ்சில் ஒருத்தி தலை நிமிர்ந்து பார்ப்பாளே, அது விருப்பம். சிவில் துறையை மூடுவது அவள் விருப்பமா? இரண்டு வகுப்பில் நூற்றிருபது பேர் உட்கார்ந்த துறை, இந்த வருஷம் கடைசி வருஷத்தில் ஒன்பதே பேர், கீழ் வகுப்புகளே கிடையாது. தை மாசம் சேர்மன் எல்லாரையும் கருத்தரங்கக் கூடத்தில் கூட்டி வைத்து, ‘இது உங்க வீடு மாதிரிங்க, ஆனா சிவில் இனிமேல் ஓடாது’ என்றார், கூட்டம் முடிந்ததும் ஆளுக்கொரு பஃப்ஸ் கொடுத்தார்கள். பஃப்ஸைத் தின்றுவிட்டு வந்து அடுத்த வகுப்பை எடுத்தாள், அதையும் சொல்ல வேண்டுமே. அந்த மாசத்தோடு சம்பளம் நின்றது. பிள்ளைகளுக்குப் பரீட்சை இருக்கிறது, ப்ராஜெக்ட் இருக்கிறது, பாதியில் விட்டுவிட்டா போக முடியும் என்று பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்று மாசமும் காலேஜ் பஸ்ஸைப் பிடித்து வந்தாள். மூடினது அவர்கள், விலகினது இவள். இது எந்த ஊர் இலக்கணம்?

ஆனால் ஓடாமல் போனதில் தனக்குப் பங்கில்லையா? இந்தக் கேள்வி வந்தால் அதை உடனே அந்தப் பக்கம் தள்ளிவிடுவாள், இன்று தள்ள முடியவில்லை, உட்கார்ந்து உட்கார்ந்து பிடி தளர்ந்துவிட்டது. சித்திரை வைகாசியில் வாத்தியார்களை அட்மிஷன் பிடிக்க அனுப்புவார்கள், ஆளுக்கு ஐந்து பிள்ளைகள், இல்லையென்றால் சம்பளத்தில் பிடித்தம். பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில், சாணி மெழுகின வாசலில் நின்றுகொண்டு, ஒரு அம்மாவிடம் சொன்னாள், ‘சிவில் எடுத்தா வேலை நிச்சயமுங்க, நான் பார்த்துக்கறேன்.’ நான் பார்த்துக்கறேன்! யார் சொல்லிக் கொடுத்தார்கள் அந்த வார்த்தையை? அந்தப் பெண் கௌசிகா, நன்றாகவும் படித்தாள், கான்கிரீட் கனசதுரத்தை அழுத்தி உடைக்கும் சோதனையில் மற்றவர்கள் காதைப் பொத்தும்போது இவள் மட்டும் குனிந்து விரிசல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பாள். படிப்பு முடிந்து இரண்டு வருஷம் கழித்துச் சேலத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடும் இடத்தில் அவளைப் பார்த்தாள். ‘நல்லாருக்கீங்களா மேம்?’ என்று முகமெல்லாம் சிரிப்போடு கேட்டுவிட்டு, ஊழியர் தள்ளுபடியில் போட்டுத் தரட்டுமா என்று வேறு கேட்டாள். வேதநாயகி அந்தப் புடவையை இதுவரை கட்டவில்லை. கௌசிகா ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டாமல் விட்டுப் போனதால்தான் இத்தனை வருஷம் கழித்தும் அது தீரமாட்டேன் என்கிறது. அப்போது சொன்ன பொய்யும் அவள் வாயால் வந்தது, இப்போது எழுதச் சொல்லும் பொய்யும் அவள் கையால் வரவேண்டும், நிர்வாகத்துக்கு வாயும் கிடையாது, கையும் கிடையாது, எல்லாம் இரவல்.

போன் அதிர்ந்தது. வீட்டுக்காரர். செல்வகணபதி ரிக் வண்டியோடு ராய்ப்பூர் பக்கம் எங்கோ போர் போட்டுக்கொண்டிருந்தார், பின்னால் கம்ப்ரசர் இரைச்சல். ‘ஏ வேதா, ஆச்சா?’ ‘இன்னும் ஆளே வரலைங்க.’ ‘வந்ததும் கையெழுத்தப் போட்டுப்போட்டு ஃபைல வாங்கீட்டு வந்து சேரு. அவனுங்ககூட மல்லுக்கட்டீட்டு நிக்காத.’ ‘மூணு மாசச் சம்பளமுங்க. பணிக்கொடை வேற இருக்குது.’ ‘இருக்குதுதான். நானும் வேண்டாங்கல. நாளைக்கு வேல போச்சுன்னா? பாப்பாக்கு காலேஜ் ஃபீஸ் கட்டோணும்.’ இரைச்சல் கூடியது, ‘தண்ணி வந்துருச்சு, அப்புறம் கூப்பிடறேன்’ என்று வைத்துவிட்டார். அங்கே அறுநூறு அடியில் தண்ணீர் வந்துவிட்டது, இங்கே பத்தடி தள்ளி இருக்கும் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆள் வர முடியவில்லை. அவர் சொல்வதிலும் தப்பில்லை, அதுதான் எரிச்சல். எல்லாரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். முருகானந்தம் சார் சொன்னதும் சரி, ‘எம் பொண்ணுக்கு வைகாசியில கல்யாணம் மேடம், இப்பப் போயி சண்டை எதுக்குங்க.’ அவருக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். ஈரோட்டில் போய்ப் பார்த்த வக்கீலம்மா சொன்னதும் சரி. மேசை நிறைய கட்டுகளை வைத்துக்கொண்டு, தட்டில் வெள்ளரிப் பிஞ்சைக் கடித்தபடியே சொன்னார், ‘வாத்தியாருங்க தொழிலாளி கணக்குல வர்றதில்லீங்க, அதனால ஆட்குறைப்பு நஷ்டஈடெல்லாம் கேக்க வழியில்ல. ஆனா பணிக்கொடை உண்டு. அஞ்சு வருஷம் முடிச்சிருந்தாப் போதும். வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாக்கூட அந்த உரிமை போகாது. சர்டிபிகேட்ட வெச்சுக்கறதுக்கு அவங்களுக்கு எந்த அதிகாரமும் இல்ல. சம்பளப் பாக்கிதான் இழுக்கும், வேலை பார்த்ததுக்கு ஆதாரம் வெச்சுக்கங்க.’ அதிகாரம் இல்லை, சரி. பீரோ சாவி இருக்கிறதே. சட்டம் ஈரோட்டில் வெள்ளரிப் பிஞ்சு தின்றுகொண்டிருக்கிறது, ஃபைல் இங்கே இருக்கிறது, நாளைக் காலை பத்து மணி நடுவில் நிற்கிறது.

பன்னிரண்டே முக்காலுக்குக் கதவு திறந்தது. வெளியிலிருந்து யாரும் உள்ளே போகவில்லை, உள்ளேயிருந்துதான் திறந்தது. ஆக, நிர்வாக அலுவலர் அர்த்தநாரி இவ்வளவு நேரமும் உள்ளேயேதான் இருந்திருக்கிறார். சேர்மனுமில்லை, மீட்டிங்குமில்லை. ‘வாங்க மேடம், வாங்க, ரொம்ப நேரமாச்சுங்களா? உக்காருங்க. டீ சொல்லட்டுங்களா?’ ஐம்பதைத் தாண்டிய ஆள், மேல் பித்தான் வரை பூட்டிய வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, குரலில் கல்யாண வீட்டு உபசாரம். இந்த மரியாதைதான் கொல்கிறது. ஒரு தடவையாவது முரட்டுத்தனமாகப் பேசினால் பதிலுக்குப் பேசலாம், வாங்க போங்க என்று குழைந்து குழைந்தே கழுத்தைப் பிடிக்கிறவர்களை என்ன செய்வது? மேசையில் நீல ஃபைல் இருந்தது. அவள் பக்கம் இல்லை, அவர் பக்கம், அவருடைய முழங்கைக்கு அடியில். ஜிப் துருப்பிடித்திருந்தது, ஓரத்தில் அவள் அன்றைக்கு ஒட்டிய பெயர்ச்சீட்டு மஞ்சளாகியிருந்தது. இருக்கிறது! கரையான் தின்னவில்லை! அந்த நிம்மதியில் கண் கலங்கிவிட்டது, கலங்கினதற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது. தன் பொருளைப் பார்த்துத் தானே நன்றியோடு அழுவதா? அர்த்தநாரி படிவத்தில் பதினோராவது கையெழுத்தைப் போட்டார், முத்திரையும் குத்தினார், பிறகு தட்டச்சுச் செய்த தாளை அவள் பக்கம் நகர்த்திப் பேனாவைத் திறந்து மேலே வைத்தார். ‘ஒரு ஃபார்மாலிட்டிங்க. எல்லாருமே போட்டுட்டாங்க. முருகானந்தம் சாரே போட்டுட்டாரு.’

படித்தாள். சொந்தக் காரணங்கள், சொந்த விருப்பம், அனைத்தையும் பெற்றுக்கொண்டேன், எல்லாம் அப்படியே. மேலே இருந்த தேதியில்தான் கண் நின்றது. ஜனவரி முப்பத்தொன்று. முதலில் தட்டச்சுப் பிழை என்றே நினைத்தாள், பதினைந்து வருஷமாக மாணவர்களின் தாளில் தேதியைத் திருத்துகிறவளுக்கு அப்படித்தான் தோன்றும். பிறகுதான் கணக்குப் புரிந்தது. ஜனவரி முப்பத்தொன்றில் விலகிவிட்டால் பிப்ரவரி இல்லை, மார்ச் இல்லை, ஏப்ரல் இல்லை. சம்பளம் கொடுக்காமல் இருந்தால் பரவாயில்லை என்று ஆகிவிட்டது, அவள் வேலைக்கு வந்ததையே இல்லையென்று ஆக்குகிறார்கள். ‘தேதி தப்பா இருக்குங்க.’ ‘அது... மேலிடத்துல அப்படிப் போடச் சொன்னாங்க மேடம்.’ ‘ஏப்ரல் மாசம் ஒன்பது பிள்ளைங்களுக்கு வைவா நடத்தினது யாருங்க? மார்க் ஷீட்டுல கையெழுத்துப் போட்டது யாரு? என்னோட ஆவியா?’ அர்த்தநாரி சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. ‘துறைய மூடினது நீங்க, விலகுனது நானுங்களா?’ ‘மேடம், நான் சொல்றதக் கேளுங்க. நாளைக்கு உங்களுக்கு ஜாயினிங் இருக்குதாமா. எதுக்குங்க வம்பு? போட்டுட்டீங்கன்னா இந்த நிமிஷமே ஃபைல் உங்க கையில.’ ஆக, அதுவும் தெரிந்திருக்கிறது. ஜாயினிங் நாளைக்கு என்று தெரிந்துதான் இன்றைக்கு வரச் சொன்னார்கள், தெரிந்துதான் இரண்டேகால் மணி நேரம் வெளியே காய வைத்தார்கள். எழுந்து போய்விடலாமா? போலீஸ் ஸ்டேஷன் போகலாம், அங்கே இன்னொரு இரும்பு நாற்காலி, அங்கேயும் ஒருவர் இதா வந்துருவாரு. ஃபைலைப் பிடுங்கிக்கொண்டு ஓடலாமா? முட்டி வலியோடு எவ்வளவு தூரம், கேட் வரைக்குமா? நாளைப் பத்து மணி. பாப்பா. கல்லூரிக் கட்டணம். வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாக்கூட அந்த உரிமை போகாது. வக்கீலம்மாவின் அந்த வாக்கியம் மட்டும் கைப்பிடிச் சுவர் மாதிரி கைக்கு அகப்பட்டது.

பேனாவை எடுத்தாள். ஜனவரி முப்பத்தொன்றை அடித்துவிட்டு இன்றைய தேதியைப் போட்டாள். கீழே கையெழுத்துப் போட்டாள், முழுக் கையெழுத்து, இன்ஷியலோடு. கை நிற்கவில்லை. கையெழுத்துக்கு அடியில், கரும்பலகையில் எழுதுகிற தன் பெரிய எழுத்தில், தமிழில் எழுதினாள்: ‘என் சான்றிதழ்கள் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது போட்ட கையெழுத்து. நேரம் பகல் 1.05. மூன்று மாதச் சம்பளமும் பணிக்கொடையும் வரவில்லை.’ எழுதி, போனை எடுத்து அதைப் படம் பிடித்துக்கொண்டு, தாளைத் திருப்பி வைத்தாள். அர்த்தநாரி படித்தார். மறுபடியும் படித்தார். ‘என்னங்க மேடம் இது?’ ‘நடந்ததுங்க.’ அவர் கணினி பக்கம் திரும்பி இன்னொரு பிரதி எடுத்தார், பிரிண்டர் இழுத்து இழுத்துத் துப்பியது. வேதநாயகி வாங்கினாள், தேதியை அடித்தாள், கையெழுத்துப் போட்டாள், அதே மூன்று வாக்கியத்தை எழுதினாள், நேரத்தை மட்டும் 1.09 என்று மாற்றினாள். மூன்றாவது பிரதி வந்தது. 1.14. ஆச்சரியம் என்னவென்றால், இரண்டாவது தடவையைவிட மூன்றாவது தடவை எழுத்து அழகாகவே வந்தது. பரீட்சைத் தாள் திருத்திப் பழகிய கை, முந்நூறு தாளானாலும் ஒரே மாதிரி எழுதும். ‘பேப்பர் வீணாப் போகுதுங்க மேடம்’ என்றார் அர்த்தநாரி, முதல் தடவையாக அவர் குரலில் உபசாரம் போய் அலுப்பு வந்திருந்தது. ‘ஆமாங்க’ என்றாள் அவள், ‘பதினஞ்சு வருஷம் வீணானதுக்கு இது பரவால்லீங்க.’ என்ன நினைத்தாளோ, திட்டமிட்டெல்லாம் கேட்கவில்லை, வாயில் வந்துவிட்டது: ‘உங்க சர்டிபிகேட்டு எங்கீங்க இருக்கு?’

அவர் கண் போயிற்று, சுவரோரம் நின்ற பச்சை பீரோவுக்குப் போய்விட்டுத் திரும்பியது. ‘எல்லாரோடதும் அதுலதாங்க’ என்றார் மெதுவாக. வெளியே முதலாமாண்டுப் பிள்ளைகள் கேண்டீனுக்குச் சத்தமாக ஓடினார்கள். அர்த்தநாரி முதல் இரண்டு தாளைக் கிழித்துக் கூடையில் போட்டார். மூன்றாவதை எடுத்தார். அதைக் கிழிக்கவில்லை. அவளுடைய பணிக்கோப்பைத் திறந்து கடைசியில் கோத்தார். ‘கண்ணாடி எடுத்துட்டு வர மறந்துட்டேனுங்க, கீழ என்ன எழுதியிருக்குன்னு நான் படிக்கல’ என்றார். கண்ணாடி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. முழங்கையைத் தூக்கி நீல ஃபைலை அவள் பக்கம் தள்ளினார். அவள் அங்கேயே ஜிப்பைத் திறந்து ஒவ்வொன்றாக எண்ணினாள், எண்ணி முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. எல்லாம் இருந்தது. கைப்பையிலிருந்து பணிக்கொடை விண்ணப்பத்தை எடுத்து நீட்டி, நகலில் பெற்றுக்கொண்டதாக முத்திரை கேட்டாள். அவர் பின்னால் சாய்ந்தார். ‘அதுக்கு மட்டும் சீல் கேக்காதீங்க மேடம், எனக்கு வேலை போயிரும். பதிவுத் தபால்ல போட்டு உடுங்க. திருப்பியனுப்பச் சொல்லுவாங்க, நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறேன். அது வரைக்கும்தாங்க என்னால ஆகும்.’ அது வரைக்கும்தான். சரி. அதையாவது செய்கிறாரே என்று மனசு அதற்குள் இளக ஆரம்பித்தது, அதைக் கண்டு அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. இரண்டேகால் மணி நேரம் காக்க வைத்தவன், ஜனவரி என்று பொய்த் தேதி அடித்தவன். பஸ் ஏறுகிற வரைக்குமாவது இந்த ஆளை நிம்மதியாக வெறுக்க விட மாட்டார்களா?

ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வராந்தாவில் பாதி தூரம் போயிருப்பாள், பின்னால் செருப்புச் சத்தம். ‘மேடம், ஒரு நிமிஷம்.’ ஃபைலைத் திருப்பிக் கேட்கப் போகிறார் என்றுதான் நினைத்தாள், இரண்டு கையும் தானாக இறுகின. அர்த்தநாரி வாசல் மேசையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார், ‘அந்தப் பணிக்கொடைங்கறது... வாத்தியாருங்களுக்கு மட்டுமா, ஆபீஸ் ஸ்டாஃபுக்கும் உண்டுங்களா?’ அவள் அவரைப் பார்த்தாள். பசி, தாகம், முட்டி வலி, மூன்று மாசம், குடைக்குள் கொண்டு போய்க் கொடுத்த புத்தகம், எல்லாம் சேர்ந்து ஒரு வசவாகத்தான் வாய் வரைக்கும் வந்தது. ‘உண்டுங்க’ என்றாள். ‘அஞ்சு வருஷம் முடிச்சிருந்தாப் போதும். வேண்டாம்னு எழுதி வாங்கிட்டாலும் போகாது.’ ‘எனக்குப் பதினெட்டாச்சுங்க. அடுத்த வருஷம் ஆபீஸையும் குறைக்கறதாப் பேச்சு.’ சொல்லிவிட்டு அவர் நின்றுகொண்டே இருந்தார், அவரும் எதற்கோ காத்திருக்கிறவர் மாதிரி. வேதநாயகிக்குத் தாங்கவில்லை. ‘ஏனுங்க’ என்றாள், வகுப்பில் சுலபமான கணக்கைத் தப்பாகப் போடும் பிள்ளையிடம் பேசுகிற அதே குரலில், ‘அதெல்லாம் அப்புறம் பாருங்க. முதல்ல உங்க சர்டிபிகேட்ட எடுத்துட்டுப் போயி வீட்ல வைங்க. பீரோ சாவி யாருகிட்ட இருக்கு?’

அர்த்தநாரி குனிந்து, தன் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தார்.